ஊழியர் இல்லாத ஊர்ச் சபையை நடத்தச் சொல்கிறார்கள். எனக்கு அந்தத் திறமை இல்லை

ஒற்றைத்திரி எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் ஊர்ச் சபை ஊழியர் மாறுதலாகிப் போய்விட்டார். அடுத்தவர் வர ஆறு மாதம் ஆகும் என்கிறார்கள். சேகரத்து ஐயாவுக்கு (பல சபைகளைச் சேர்த்துப் பார்க்கும் குருவானவர்) எங்களோடு சேர்த்து ஏழு சபை, அதனால் மாதம் ஒரு ஞாயிறு திருவிருந்துக்கு (அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனை) மட்டும்தான் வர முடியும். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை, தேவசெய்தி, இடையில் வீடு சந்திப்பு எல்லாவற்றையும் நான் பார்க்க வேண்டும் என்று கமிட்டி கேட்டது, ஐயாவும் சம்மதம் சொல்லிவிட்டார். 40 குடும்பம் உள்ள சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தெரியும், பெரியவர்கள் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. வேதத்தை முறையாகப் படித்தவளும் இல்லை.

எல்லாரும் "கர்த்தரைச் சார்ந்துகொள்" என்கிறார்கள். அதை நான் நம்புகிறேன். ஆனால் சார்ந்துகொள்வது என்றால் திங்கட்கிழமை காலையில் எழுந்து என்ன செய்வது? இவ்வளவு பயம் இருப்பதே இது எனக்கான அழைப்பு அல்ல என்பதற்கு அடையாளமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தேரிக்காட்டு ஓலை எழுதியது:

ஸ்தோத்திரம் சகோதரி. கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பயத்தை அடையாளமாக எடுக்கக் கூடாது. அப்படி எடுத்தால் மோசே, கிதியோன், எரேமியா யாருக்குமே அழைப்பு இல்லை என்று ஆகிவிடும்.

யாத்திராகமம் 3, 4 அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசியுங்கள். இஸ்ரவேலரை எகிப்திலிருந்து அழைத்துவரக் கர்த்தர் அனுப்பும்போது மோசே ஐந்து முறை பின்வாங்குகிறார். நான் எம்மாத்திரம் (3:11), உம்முடைய நாமம் என்ன என்று கேட்டால் என்ன சொல்வேன் (3:13), என்னை நம்பமாட்டார்கள் (4:1), நான் திக்குவாயன் (4:10), வேறு யாரையாவது அனுப்பும் (4:13). இந்த ஐந்தில் ஒன்றுக்குக்கூட "உனக்குத் திறமை இருக்கிறது, நீ நினைப்பதைவிட நீ பெரியவன்" என்று கர்த்தர் பதில் சொல்லவில்லை. முதலாவதற்கு "நான் உன்னோடே இருப்பேன்" என்கிறார். இரண்டாவதற்குத் தம் நாமத்தைத் தருகிறார். மூன்றாவதற்குக் கையில் இருக்கிற கோலையே அடையாளமாக்குகிறார். நான்காவதற்கு "நான் உன் வாயோடே இருப்பேன்" என்கிறார். ஐந்தாவதில் கோபம் மூண்டும் ஆரோனைத் துணைக்குக் கொடுக்கிறார். ஆகவே "எனக்கு முடியாது" என்று மொத்தமாகச் சொல்லாமல், உங்கள் முடியாமை இந்த ஐந்தில் எது என்று பிரித்துப் பாருங்கள். சபைக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றால் அது படித்துத் தீர வேண்டிய குறை. நாக்கு ஒட்டுகிறது என்றால் பழகித் தீர வேண்டியது. தனியாக நிற்கப் பயம் என்றால் ஆள் கேட்டுத் தீர வேண்டியது. மூன்றுக்கும் ஒரே ஜெபத்தைச் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தால் எதுவும் நகராது.

கிதியோனிடம் இன்னொன்று பாருங்கள். அவருடைய படையை 32,000 பேரிலிருந்து 300 ஆகக் குறைத்த அதே அதிகாரத்தில் (நியாயாதிபதிகள் 7) அந்த இரவே, உனக்குப் பயமாக இருந்தால் பூரா என்னும் உன் வேலைக்காரனையும் கூட்டிக்கொண்டு எதிரிகளின் பாளயத்துக்குப் போ என்கிறார் கர்த்தர். பயப்படாதே என்று அதட்டவில்லை, துணைக்கு ஆள் சேர்த்து அனுப்புகிறார். உங்கள் பூரா யார் என்று இந்த வாரமே தீர்மானியுங்கள். ஆராதனை முறைமை நன்றாகத் தெரிந்த மூத்தவர் ஒருவர் முதல் மாதம் முழுவதும் உங்களோடு பலிபீடத்தருகே இருக்கட்டும். ஜெபங்களையும் அறிவிப்புகளையும் அவர் நடத்தட்டும், செய்தி மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். இரண்டாம் மாதம் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளுங்கள்.

"வேண்டாம்" என்று சொல்லத் தகுந்த காரணங்களும் உண்டு. சபையில் இப்போது ஏதாவது வழக்கோ பிளவோ இருந்து, நீங்களோ உங்கள் குடும்பமோ அதில் ஒரு பக்கம் நின்றால் ஏற்க வேண்டாம். வீட்டில் சம்மதம் இல்லாவிட்டாலும், கைக்குழந்தையோ படுக்கையிலுள்ள பெற்றோரோ உங்களை நம்பி இருந்தாலும் அப்படியே. கோபுரம் கட்ட உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னவர் இயேசுதான் (லூக்கா 14:28). இவை எதுவும் இல்லாமல் திறமைக் குறைவு மட்டுமே தடை என்றால், அதை வைத்து மறுக்காதீர்கள். கேட்டது சபை, ஒப்புக்கொண்டது ஐயா, ஆகவே இது நீங்களாகப் போய் எடுத்துக்கொண்ட பொறுப்பும் அல்ல.

ஏற்குமுன் ஐயாவிடம் நான்கு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: எந்தத் தேதி வரை, எந்தெந்தக் காரியம் உங்கள் பொறுப்பு, எது உங்கள் பொறுப்பு அல்ல, அவசரத்தில் யாரைக் கூப்பிடுவது. இந்தக் கடிதம் இல்லாததால்தான் இப்படி ஆறு மாதத்துக்கு ஏற்றவர்கள் இரண்டு வருடம் தாங்கிச் சோர்ந்து போகிறார்கள்.

எல்லைகளும் முக்கியம். திருவிருந்து ஐயா வரும் நாளில்தான். ஞானஸ்நானமும் அவரே. சாகும் தறுவாயில் உள்ள குழந்தைக்கு மட்டும் யாரும் தண்ணீர் ஊற்றிப் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் கொடுக்கலாம். கொடுத்தால் அன்றே ஐயாவுக்குத் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். திருமணம் நடத்தவே கூடாது. 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அதிகாரம் இல்லாதவர் நடத்தினால் தண்டனை உண்டு. ஆராதனையின் முடிவில் ஆசீர்வாதத்தை "உங்கள் அனைவரோடும்" என்று குருவானவர் கூறுவார். நீங்கள் "நம் அனைவரோடும்" என்று கிருபை ஜெபத்தைக் கூறி முடியுங்கள். பாவமன்னிப்பு அறிவிக்கும் பகுதியிலும் அப்படியே: அறிவிப்பாகச் சொல்லாமல், "எங்களை மன்னியும்" என்ற ஜெபமாகச் சொல்லுங்கள்.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

செய்தி தயாரிப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், உங்கள் பயத்தின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கும்.

திருமண்டலம் (சேகரங்களுக்கு மேலான அமைப்பு) தரும் வேதபாட அட்டவணையில் அந்த ஞாயிறுக்குரிய பாடங்கள் இருக்கும். தலைப்பைத் தேடி அலையவே வேண்டாம். பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம் மூன்றையும் இணைக்கப் பார்க்காதீர்கள். முதல் மூன்று மாதம் சுவிசேஷப் பகுதியை மட்டும் எடுங்கள்.

திங்களும் செவ்வாயும் வாசிப்பு மட்டும். சத்தமாக வாசியுங்கள், அதற்கு முந்தின அதிகாரத்தையும் சேர்த்து. யார் யாரிடம் பேசுகிறார், அதற்கு முன் என்ன நடந்தது, எந்த இடத்தில் உங்களுக்கே இடறியது என்று ஒரு பக்கம் குறியுங்கள். விளக்கவுரையையும் யூடியூப் பிரசங்கத்தையும் புதன் மாலைக்கு முன் தொடாதீர்கள். முன்பே கேட்டால் அந்தப் பிரசங்கியாரின் குரல்தான் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாயில் வரும். சவுலின் கவசத்தைத் தாவீது போட்டுப் பார்த்துக் கழற்றிப் போட்டதை (1 சாமுவேல் 17:39) நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தெரியும் என்றீர்களே, பெரியவர்களுக்கும் அப்படியே சொல்லுங்கள்.

புதனன்று ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும்: இந்தப் பகுதியில் தேவன் என்ன செய்கிறார்? இங்கேதான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள். யோவான் 6-இல் இயேசு ஐந்து அப்பத்தைக்கொண்டு பெருங்கூட்டத்துக்கு உணவளித்ததை எடுத்துக்கொள்வோம். "நாம் நம்மிடம் இருப்பதை ஆண்டவருக்குக் கொடுக்க வேண்டும்" என்று எழுதினால் அது சபைக்கு இன்னொரு வேலை கொடுக்கும் செய்தி. மறுபடி வாசியுங்கள். இருநூறு பணத்து அப்பமும் போதாது என்று பிலிப்பு கணக்குச் சொல்கிறான். அந்திரேயா ஐந்து வாற்கோதுமை அப்பத்தைக் காட்டிவிட்டு, இத்தனை பேருக்கு இது எம்மாத்திரம் என்கிறான். இரண்டு கணக்கும் சரியான கணக்குதான். ஆறாம் வசனமோ, தாம் செய்யப்போவதை இயேசு முன்பே அறிந்திருந்தார் என்கிறது. இப்போது வாக்கியம் மாறும்: "போதாது என்று தெரிந்த அப்பத்தையே இயேசு கையில் வாங்கி, ஸ்தோத்திரம் பண்ணிப் பரிமாறுகிறார்." எழுவாயாக இயேசு வந்துவிட்டார். செய்தி முழுவதும் அந்த வாக்கியத்தின் மேல்தான் நிற்க வேண்டும்.

வியாழன் முழுதாக எழுதுங்கள். 12 நிமிடம் போதும். நிதானமாகப் பேசினால் ஏறத்தாழ 1,000 சொல் வரும். பத்தியாக எழுதாமல் ஒரு மூச்சுக்கு ஒரு வரியாக, பெரிய எழுத்தில், தாளின் மேல் மூன்றில் இரண்டு பங்கில் மட்டும் எழுதுங்கள். அடிவரை எழுதினால் கண் கீழே போய்த் தலை குனிந்தே இருக்கும், குரலும் கூடவே இறங்கும். வெள்ளியன்று கைபேசியில் நேரம் வைத்து வாசியுங்கள். 15 நிமிடத்தைத் தாண்டினால் நடுவில் உள்ள ஒரு கருத்தை முழுதாக எடுத்துவிடுங்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்தால் ஒன்றும் தெளிவாக இருக்காது. சனிக்கிழமை ஆலயம் காலியாக இருக்கும்போது போய் மைக்கில் பேசிப் பாருங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி, குரல் கடைசி வரிசைக்குப் போக வேண்டும்.

நாக்கு ஒட்டும் விஷயம். முதல் மூன்று வாக்கியத்தையும் கடைசி மூன்று வாக்கியத்தையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். ஒட்டுவது பெரும்பாலும் தொடக்கத்தில்தான், முடிக்கத் தெரியாமல் சுற்றுவது இறுதியில்தான். நடுவில் மறந்து நின்றுபோனால் வேதத்தைத் திறந்து அன்றைய பகுதியின் இரண்டு வசனத்தை மெதுவாக வாசியுங்கள். நீங்கள் தடுமாறியது யாருக்கும் தெரியாது, வாசித்து முடிக்கும்போது விட்ட இடம் ஞாபகம் வந்துவிடும். பலிபீடத்தருகே ஒரு தம்ளர் தண்ணீர் இருக்கட்டும்.

"நான் பேசத் தகுதியற்றவள், தெரியாதவள்" என்று மட்டும் தொடங்காதீர்கள். தாழ்மை போலத் தோன்றும், ஆனால் அந்த நிமிடமே எல்லார் கண்ணும் வசனத்தை விட்டு உங்கள் மேல் திரும்பிவிடும்.

---

மாறாநதி எழுதியது:

சகோதரி, இவ்வளவு எழுதிக் குறித்து வைத்தால் ஆவியானவருக்கு இடம் எங்கே? என்னத்தைப் பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள், அந்நேரத்தில் உங்களுக்கு அருளப்படும் என்று மத்தேயு 10:19 சொல்கிறது. முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு வெறுங்கையோடு ஏறுங்கள். அதுதான் சார்ந்திருப்பது.

---

தேரிக்காட்டு ஓலை எழுதியது:

மாறாநதி ஐயா, ஜெபத்தை முன்னே வைக்கிற உங்கள் எண்ணம் சரியானது. ஆனால் அந்த வசனம் இந்தச் சூழலுக்கு உரியதல்ல. அதற்கு இரண்டு வசனம் முன்னே, ஆலோசனைச் சங்கங்களுக்கு ஒப்புக்கொடுப்பார்கள், அதிபதிகளுக்கு முன்பாகக் கொண்டுபோகப்படுவீர்கள் என்று இருக்கிறது. கைதாகி இழுத்துச் செல்லப்படுகிறவனுக்குத் தயாரிக்க நேரம் இல்லை, அவனுக்கான வாக்கு அது. ஆறு நாள் அவகாசம் உள்ளவருக்கு அதைச் சொன்னால், அவகாசத்தைக் கொடுத்தவரும் கர்த்தர்தான் என்பதை மறக்கச் சொல்வதாகும்.

இடிந்துகிடந்த எருசலேமின் அலங்கத்தை (நகர மதிலை) மறுபடி கட்டிய நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் செய்தி கேட்டது கிஸ்லேவ் மாதம், ராஜாவின் முன் நின்றது நிசான் மாதம், ஏறக்குறைய நான்கு மாத இடைவெளி. உபவாசித்தார், மன்றாடினார். ராஜா திடீரென்று "நீ கேட்கிற காரியம் என்ன" என்றபோது அந்த நொடியிலும் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தார் (2:4). ஜெபித்து முடித்ததும் அவர் வாயில் வந்தது என்ன? எத்தனை நாள் ஆகும், எந்த அதிபதிகளுக்குக் கடிதம், வனக்காவலன் ஆசாப் எந்தெந்த வேலைக்கு மரம் தர வேண்டும். எல்லாம் ஏற்கனவே யோசித்து வைத்திருந்தது. எருசலேமுக்கு வந்தபிறகும் யாரிடமும் சொல்லாமல் இரவில் சுற்றிப்போய் அலங்கத்தை ஆராய்ந்தார். அந்த அலங்கம் 52 நாளில் முடிந்தபோது, தேவனால் இந்தக் கிரியை நடந்தது என்று சத்துருக்களே அறிந்துகொண்டார்கள் (6:15, 16). தயாரிப்பு தேவனுடைய மகிமையைக் குறைக்கவில்லை.

சகோதரிக்கு, ஜெபத்துக்கும் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். 40 குடும்பத்தை ஆறு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஏழுக்கும் குறைவு. நோட்டில் பெயரை எழுதி, அந்த வாரத்து வேதபாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்காகவும் ஜெபியுங்கள். வேலைக்குப் போகுமுன் 20 நிமிடம் போதும். அவரைச் சார்ந்து என்ன செய்வது என்று கேட்டீர்களே, திங்கட்கிழமை காலையில் செய்ய வேண்டியது இது. இரண்டு வாரம் இப்படிச் செய்தால் ஏதாவது ஒரு வீட்டுக்காக என்ன ஜெபிப்பது என்றே தெரியாமல் நிற்பீர்கள், அந்த வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும். சந்திப்புப் பட்டியல் அதிலிருந்தே வந்துவிடும். சபையின் முகங்கள் மனதில் இருப்பதால் செய்தியும் காற்றில் போகாது.

---

பழைய பாமாலை எழுதியது:

மேலே எல்லாம் சொல்லிவிட்டார்கள். இரண்டு காரியம் மட்டும்.

காணிக்கையை நீங்கள் எண்ணாதீர்கள். ஆராதனை முடிந்ததும் ஆலயத்துக்குள்ளேயே இரண்டு பேர் எண்ணி, அன்றைய தேதியில் புத்தகத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடட்டும். நீங்கள் எழுத்தர் என்பதால் கணக்கையும் உங்கள் தலையில் கட்டுவார்கள், மறுத்துவிடுங்கள். அப்போஸ்தலர் 6-இல் பந்தி விசாரணைக்கு (உணவுப் பகிர்வைக் கவனிக்க) ஏழு பேரைத் தனியாக நியமித்தது இதற்குத்தான். செய்தி சொல்கிறவரே பணத்தையும் வைத்திருந்தால் ஒரு நூறு ரூபாய் வித்தியாசத்தில் ஊழியமே கெட்டுப்போகும்.

வியாதியஸ்தரைப் பார்க்கப் போனால் பத்து நிமிடம். நிற்காமல் அவர் முகத்துக்கு நேராக உட்காருங்கள். முதலில் அவர் பேசட்டும். 23 அல்லது 121-ஆம் சங்கீதம், ஒரு சிறு ஜெபம். அவர் கேட்காமல் தலையில் கை வைக்க வேண்டாம். "நிச்சயம் சுகமாகிவிடும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், மருந்தை நிறுத்தும்படி யார் சொன்னாலும் ஒத்துப்போகாதீர்கள். சுகம் தருவது கர்த்தர் கையில், கேட்பது நம் கையில். தனியாக இருக்கும் ஆண்கள் வீட்டுக்கு இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

படிக்கவில்லை என்று குறைபட்டீர்களே, நம் நெல்லைச் சீமையின் வேதநாயகம் அசரியாவை நினையுங்கள். வெள்ளாளன்விளைக்காரர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் வாங்கவில்லை. தெலுங்கு அவருக்குத் தாய்மொழி அல்ல, ஆனாலும் தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்குப் போய் ஊழியம் செய்தார். 1912-இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவருடைய பேராயத்தில் ஊர் ஊராகச் சபைகளைத் தாங்கியவர்களில் பெரும்பாலோர் குருமார் அல்ல, கிராமப் பள்ளிக்கூட ஆசிரியர்கள்.

---

ஒற்றைத்திரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மாறாநதி ஐயா, முழங்காலில் நிற்பதை நான் விடமாட்டேன். ஐயாவிடம் கடிதம் கேட்டிருக்கிறேன். என் பூரா யாரென்றும் தெரிந்துவிட்டது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் முதல் மாதம் கூடவே இருக்கிறேன் என்றார். ஒன்று மட்டும் இன்னும் நெஞ்சை அடைக்கிறது. திடீரென்று ஒரு மரணம் நேர்ந்தால்? ஐயா வர முடியாத தூரத்தில் இருந்தால் அடக்க ஆராதனையை நான் எப்படி நடத்துவேன்?

---

தேரிக்காட்டு ஓலை எழுதியது:

ஊழியர் இல்லாத ஊர்களில் ஐயாவின் அனுமதியோடு சபையார் அடக்கம் நடத்துவது நம் சேகரங்களில் வழக்கம்தான். செய்தி வந்ததும் முதல் அழைப்பு ஐயாவுக்கு. அவர் வருவாரா, எந்த நேரத்துக்கு வருவார் என்று தெரியாமல் வீட்டாருக்கு நேரம் சொல்லாதீர்கள். நேரத்தை அறிவித்துவிட்டு மாற்றுவதுதான் துக்க வீட்டில் பெரிய மனத்தாங்கலை உண்டாக்கும். அடுத்து, கல்லறைத் தோட்டத்தில் எந்த இடம் என்று கமிட்டியில் ஒருவர் வீட்டாரோடு போய்ப் பார்த்துக் குழிக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் போக வேண்டாம், நீங்கள் வீட்டில் இருங்கள்.

துக்க வீட்டில் பேசத் தேவையில்லை. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்த வரையில் சரியாகவே நடந்துகொண்டார்கள். போய் அருகில் உட்காருங்கள், கேட்டால் ஜெபியுங்கள்.

ஆராதனை வீட்டில், ஆலயத்தில், கல்லறையில் என்று மூன்று இடத்தில் நடக்கும். மூன்றுக்கும் ஜெபங்களும் வசனங்களும் அடக்க ஆராதனை முறைமையில் அச்சிட்டே இருக்கின்றன. அதை அப்படியே வாசியுங்கள், சொந்தமாக எதையும் சேர்க்க வேண்டாம். அன்று உங்கள் சொற்கள் வற்றிப்போயிருக்கும், சபையின் ஜெபம் உங்களைத் தாங்கும். ஆலயத்தில் செய்தி ஐந்து நிமிடம் போதும். 90-ஆம் சங்கீதம் அல்லது யோவான் 11-ஐ வைத்து, உயிர்த்தெழுதலைப் பற்றி மட்டும் பேசுங்கள். இறந்தவரின் குணத்தைப் புகழ்வதும், இப்படி இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்பதும் வேண்டாம். கல்லறையில் முதல் மண்ணை எப்போது போடுவது என்று குழியருகே நிற்கிறவர்களுக்கு முன்பே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் ஜெபம் முடியுமுன்னே தள்ளத் தொடங்கிவிடுவார்கள். மாலை அடக்கமானால் கையில் ஒரு டார்ச் இருக்கட்டும், முறைமைப் புத்தகத்தின் எழுத்து சிறியது. அன்றிரவே அடக்கப் பதிவேட்டில் பெயர், வயது, இறந்த தேதி, அடக்க தேதி எழுதி வையுங்கள், பிற்பாடு ஐயா பார்த்துக் கையெழுத்திடுவார்.

அந்தப் புத்தகம் உங்கள் ஆலய அலமாரியில் இருக்கிறதா என்று இந்த ஞாயிறே பாருங்கள். இருந்தால் வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு முறை முழுதும் சத்தமாக வாசித்துப் பழகுங்கள். பெயர் சொல்ல வேண்டிய இடங்களிலெல்லாம் பென்சிலால் கோடிட்டு வையுங்கள்.